ரோபோட்டினே வரை பத்துக் கிலோமீட்டர்: உக்ரைனின் எதிர்த்தாக்குதல் ஏன் நகரவில்லை?

ரோபோட்டினே என்ற ஊரில் போருக்கு முன்பு சுமார் ஐநூறு பேர் இருந்தார்கள். நீளமான ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை வயல்கள். உக்ரைனின் தெற்கே, சபோரிஷியா மாகாணத்தில், ஒரிகிவ் நகரிலிருந்து டோக்மாக் போகிற சாலையில் இருக்கிறது. ஒரிகிவிலிருந்து பத்துக் கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் கால்மணி நேரத்தில் போய்விடலாம்.

2023 ஜூன் முதல் வாரத்தில், ரஷ்யா பிடித்துவைத்திருந்த தெற்குப் பகுதியை மீட்க, உக்ரைன் படை இந்தச் சாலையை ஒட்டிக் கிளம்பியது. ஊரை மீட்டுவிட்டோம் என்று துணைப் பாதுகாப்பு அமைச்சர் ஹன்னா மல்யார் அறிவித்தது ஆகஸ்ட் 28-ல். இடையில் பன்னிரண்டு வாரம் ஓடியிருந்தது. இந்தத் தாக்குதலின் உள்விவரங்கள் பின்னாளில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அவற்றின்படி, திட்டத்தில் ரோபோட்டினேவுக்கு ஒதுக்கியிருந்த நேரம் முதல் 24 மணி நேரம்.

அந்தக் கோடை முழுக்க நானும் தினமும் காலையில் போர் வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடுவேன். பெரும்பாலும் இருக்காது. தொலைக்காட்சியில் வந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் முதல் வாரத்தில் 'இது வெறும் தொடக்கம்தான்' என்றார்கள். மூன்றாம் வாரத்தில் 'ஏன் இவ்வளவு மெதுவாக?' என்று கேட்டார்கள். இரண்டாம் மாதம் பழி யார்மேல் என்ற பேச்சு வந்துவிட்டது. களத்தில் இருந்தவர்களோ அப்போதும் அதே வயலில், அதே மரவரிசைக்குள், ஒரு நாளைக்கு இருநூறு மீட்டர் நகர்ந்துகொண்டிருந்தார்கள். சில நாள் அதுவும் இல்லை.

அந்த மெதுவான நகர்வுக்குப் பின்னால் இரண்டு கதைகள் இருக்கின்றன. மண்ணில் என்ன நடந்தது என்பது ஒன்று. அந்தத் தாக்குதலை எப்போது, எங்கே, எதை வைத்து நடத்துவது என்று தீர்மானித்த அரசியல் இன்னொன்று. இரண்டாவது கதையைச் சேர்த்துப் பார்க்காமல் முதலாவது விளங்காது. படை களத்தில் இறங்குவதற்கு முன்பே பாதித் தோல்வி தீர்மானமாகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 2022 செப்டம்பரில் கார்கிவ் பகுதியில் உக்ரைன் நடத்திய தாக்குதலை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 6-ல் தொடங்கியது. 10-ஆம் தேதிக்குள் குப்யான்ஸ்க் நகருக்குள் நுழைந்தாகிவிட்டது, இஸ்யூமை விட்டு ரஷ்யர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். டாங்கிகளை அப்படியே விட்டுவிட்டுப் போன இடங்கள்கூட உண்டு. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் ஒரு வாரத்தில் கைமாறியது. நவம்பர் 11-ல் கெர்சன் நகரமும் மீண்டது. தெருவில் மக்கள் ராணுவ வீரர்களைக் கட்டிப்பிடித்து அழுத காட்சியை உலகமே பார்த்தது.

அந்த வெற்றிகள் எப்படி வந்தன என்பதை அப்போது பலரும் யோசிக்கவில்லை. கார்கிவில் ரஷ்யாவின் முன்னரங்கு நூல் மாதிரி மெலிந்திருந்தது. ஆள் இல்லை. தெற்கே கெர்சன் பக்கம் தாக்குதல் வரும் என்று படைகளை அங்கே நகர்த்தியிருந்தார்கள். கெர்சன் கதையே வேறு. தினிப்ரோ ஆற்றின் மேற்குக் கரையில் மாட்டிக்கொண்ட ரஷ்யப் படைக்குப் பாலங்கள்தான் உயிர்நாடி. அந்தப் பாலங்களை உக்ரைன் ராக்கெட்டுகள் உடைத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் அவர்களே கிழக்குக் கரைக்குப் பின்வாங்கினார்கள்.

கார்கிவ் அடி விழுந்த இரண்டு வாரத்தில், செப்டம்பர் 21 அன்று, மூன்று லட்சம் பேரைப் படைக்கு அழைக்கும் ஆணையில் புதின் கையெழுத்திட்டார். அக்டோபரில் செர்கே சுரோவிகின் என்ற தளபதியிடம் முழுப் போரையும் ஒப்படைத்தார். சுரோவிகின் செய்த முதல் முக்கியமான காரியம் பின்வாங்கியது. இரண்டாவது, தோண்டியது. குளிர்காலம் முழுக்க சபோரிஷியா சமவெளியில் எந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. டாங்கி விழும் அளவுக்கு அகழி, அதற்குப் பின்னால் 'டிராகன் பல்' என்று சொல்லும் கூம்பு வடிவ கான்கிரீட் கட்டைகள், அதற்கும் பின்னால் பதுங்குகுழிகள். அப்புறம் இன்னொரு வரிசை, இன்னொரு வரிசை. டோக்மாக் நகரைச் சுற்றி வளையம்போலத் தனிக் காப்பு. செயற்கைக்கோள் படங்களில் அந்தக் கோடுகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு தெரிந்தன. யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. மேற்கத்திய பத்திரிகைகளே வசந்த காலத்தில் அந்தப் படங்களை அச்சிட்டன.

அதே மாதங்களில் உக்ரைனுக்கு ஆயுதம் தருவது பற்றி மேற்கு நாடுகள் பேசிக்கொண்டிருந்தன. லெப்பர்ட் டாங்கிகளைத் தரலாமா வேண்டாமா என்று ஜெர்மனி பல மாதங்கள் தயங்கியது. அமெரிக்கா ஆப்ராம்ஸ் தந்தால் நாங்களும் தருகிறோம் என்ற பேரம் நடந்து, 2023 ஜனவரி 25-ல்தான் இரு நாடுகளும் சரி என்றன. அந்த ஆப்ராம்ஸ் டாங்கிகள் உக்ரைன் வந்து சேர்ந்தது செப்டம்பரில். அதற்குள் தாக்குதல் தொடங்கி மூன்று மாதம் முடிந்துவிட்டது. எஃப்-16 விமானங்களோ 2024 கோடை வரை வரவேயில்லை. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் இதே சடங்குதான்: முதலில் முடியாது, பிறகு யோசிக்கிறோம், பிறகு சரி, பிறகு பயிற்சி, பிறகு கப்பல். இந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அணு ஆயுத நாடு ஒன்றோடு நேரடி மோதல் வந்துவிடக் கூடாது என்ற பயம் வாஷிங்டனிலும் பெர்லினிலும் உண்மையாகவே இருந்தது. அதை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தில் கழிந்த ஒவ்வொரு வாரமும் சுரோவிகினுக்குத் தோண்டக் கிடைத்த வாரம்.

கீவ் தரப்பிலும் ஒரு முடிவு நேரத்தையும் ஆட்களையும் தின்றது. அதுதான் பாக்முத். எழுபதாயிரம் பேர் வாழ்ந்த அந்த நகரத்துக்கு ராணுவ ரீதியில் அவ்வளவு மதிப்பில்லை, விட்டுவிட்டுப் பின்னால் வந்து நில்லுங்கள் என்று அமெரிக்கர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஜெலன்ஸ்கி கேட்கவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அவர் கொண்டுபோய்க் கொடுத்த கொடி பாக்முத்தில் போரிட்ட வீரர்கள் கையெழுத்துப் போட்ட கொடி. உலகமே பார்க்க அந்தக் கொடியைக் கொடுத்த பிறகு, அந்த ஊரை விட்டுவிடுங்கள் என்று எப்படி உத்தரவு போடுவது? பாக்முத் போனால் சமரசம் செய்துகொள் என்று எனக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் வரும் என்று அவரே ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அங்கே ரஷ்யத் தரப்பில் வாக்னர் கூலிப்படை, சிறைகளிலிருந்து திரட்டிய கைதிகளை அலையலையாக அனுப்பியது. இந்தப் பக்கம் உக்ரைனின் அனுபவசாலிப் படைகள் அவர்களை அடித்துக்கொண்டே கரைந்தன. மே 20-ல் நகரத்தைப் பிடித்துவிட்டதாக வாக்னர் தலைவர் பிரிகோஷின் அறிவித்தார். அடுத்த இரண்டு வாரத்தில் தெற்கே பெரிய தாக்குதல் தொடங்க வேண்டும்.

எந்தப் படையை வைத்து? ஜெர்மனியிலும் பிற இடங்களிலும் சில மாதப் பயிற்சி பெற்ற ஒன்பது புதிய பிரிகேடுகளை, அதாவது சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகளை, வைத்து. அதில் முதன்மையான 47-ஆம் பிரிகேடில் பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போர்க்கள அனுபவமே கிடையாது. அனுபவம் இருந்தவர்கள் பாக்முத் பக்கம் இருந்தார்கள்.

ஜூன் 8

தாக்குதலுக்கு முந்தைய மாதங்களில் அமெரிக்க, பிரிட்டிஷ், உக்ரைன் அதிகாரிகள் சேர்ந்து எட்டு முறை மேசைமேல் போர் ஒத்திகை நடத்தினார்கள். திட்டம் இதுதான்: ஒரே அச்சில் மொத்த பலத்தையும் குவித்து, டோக்மாக், மெலிட்டோபோல் வழியாக அசோவ் கடலை எட்டுவது. எட்டிவிட்டால் ரஷ்யாவையும் கிரிமியாவையும் இணைக்கும் தரைவழி இரண்டாக அறுந்துவிடும். இரண்டு மூன்று மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்டார்கள். கடல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவு.

அமெரிக்கர்கள் ஏப்ரலிலேயே தொடங்கச் சொன்னார்கள். தளவாடம் வந்து சேரவில்லை, பயிற்சி முடியவில்லை என்று உக்ரைன் ஜூன் வரை தள்ளியது. ஒரே இடத்தில் குவிக்கும் யோசனையையும் அது முழுமையாக ஏற்கவில்லை. ஒரிகிவ் பக்கம் ஒரு முனை, வெலிகா நோவோசில்கா பக்கம் இன்னொன்று, பாக்முத்தைச் சுற்றி மூன்றாவது என்று பிரித்தது. இந்தப் பிரிப்புதான் தோல்விக்குக் காரணம் என்று அமெரிக்க அதிகாரிகள் பின்னால் பத்திரிகையாளர்களிடம் கசியவிட்டார்கள். விமானமே இல்லாமல் இப்படி ஒரு தாக்குதலை நீங்கள் உங்கள் படையை வைத்து நடத்துவீர்களா என்று உக்ரைன் தரப்பு திருப்பிக் கேட்டது. இந்தக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லி நான் பார்க்கவில்லை. வானத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் இவ்வளவு பலமான அரணை உடைக்க எந்த மேற்கத்திய ராணுவமும் போகாது. அவர்களுடைய போர்முறையே விமானத்தை நம்பி எழுதப்பட்டது.

ஜூன் 8. மாலா டோக்மாச்கா என்ற கிராமத்துக்குத் தெற்கே, வயல் நடுவில், லெப்பர்ட் டாங்கிகளும் பிராட்லி கவச வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. முன்னால் கண்ணிவெடியை உழுதுகொண்டு போகும் வண்டி. அது திறந்துவிட்ட தடத்தை விட்டு யாரும் விலகக் கூடாது. முன்னால் போன வண்டி வெடியில் சிக்கி நிற்கிறது. பின்னால் வந்தது அதைச் சுற்றிப் போகப் பார்க்கிறது, அதுவும் சிக்குகிறது. மொத்த வரிசையும் நின்றுவிடுகிறது. அப்போதுதான் பீரங்கிக் குண்டுகள் வரத் தொடங்குகின்றன. பல கிலோமீட்டர் பின்னால் தாழப் பறந்து நிற்கும் ரஷ்ய ஹெலிகாப்டர்கள் ஏவுகணை விடுகின்றன. அவற்றை எட்டும் ஆயுதம் அந்த வரிசையில் யாரிடமும் இல்லை. பிராட்லிகளின் பின்கதவு திறந்து வீரர்கள் இறங்கி ஓடுகிறார்கள். அடிபட்ட வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டிக் குவியலாக நிற்கும் ட்ரோன் படத்தை ரஷ்யா மறுநாளே வெளியிட்டது. உலகம் முழுக்க அது சுற்றியது.

அந்தப் படத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த பிராட்லிகளின் உள்ளே இருந்தவர்களில் கணிசமானோர் உயிரோடு தப்பினார்கள். சோவியத் காலத்து வண்டியாக இருந்திருந்தால் கதை வேறு என்று அந்த வீரர்களே பிறகு சொன்னார்கள். ஆனால் படம் சொன்ன சேதி ஒன்றே ஒன்றுதான்: மேற்கின் ஆயுதம் எரிகிறது. அரசியலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தோல்வியின் சூத்திரதாரி என்று ஒரு பொருளைக் கைகாட்டச் சொன்னால் நான் டிஎம்-62 என்ற சோவியத் காலத்து டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடியைக் காட்டுவேன். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய வட்டம். எடை பத்துக் கிலோவுக்கு அருகில், அதில் ஏழரைக் கிலோ வெடிமருந்து. மனிதன் மிதித்தால் பொதுவாக வெடிக்காது. நூற்றைம்பது கிலோவுக்கு மேல் எடை ஏறவேண்டும். விலை சொற்பம், கையிருப்பு ஏராளம். ரஷ்யர்கள் இதை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கிப் புதைத்தார்கள், உழும் வண்டியே உடையட்டும் என்று. ரஷ்யப் போர்க் கையேட்டின்படி 120 மீட்டர் ஆழத்துக்குப் போடவேண்டிய வெடிவயலைப் பல இடங்களில் 500 மீட்டர் வரை நீட்டினார்கள். மேற்கு நாடுகள் தந்த வெடி அகற்றும் கருவிகள் அந்த 120 மீட்டரை மனத்தில் வைத்துத் தயாரானவை.

இதற்கு நடுநடுவே மனிதனுக்கான மிதிவெடிகளும் கிடந்தன. அதில் போம்-3 என்று ஒரு வகை, காலடி அதிர்வை உணர்ந்தே வெடிக்கும். யாரும் தொடவே வேண்டாம். குனிந்து தோண்டி எடுக்க வருபவனைக் கொல்வதற்கென்றே செய்தது. மிதிவெடி என்ற சொல்லை ஈழத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போர் முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும் முகமாலை மண்ணில் ஒவ்வோர் அடியாகக் கிளறிக் கொண்டிருந்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அமைதிக் காலத்தில், வெயிலில் உட்கார்ந்து, யாரும் சுடாத நேரத்தில் செய்யும்போதே அந்த வேகம்தான்.

சபோரிஷியாவில் அதே வேலையைக் குண்டுமழைக்கு நடுவே செய்தார்கள். முதல் வார இழப்புக்குப் பிறகு உக்ரைன் தளபதிகள் வண்டி வரிசைகளை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் நான்கு பேர், ஆறு பேர் கொண்ட குழுக்கள் இரவில் வயிற்றால் ஊர்ந்து போய், கத்தியும் கொக்கியும் வைத்து வெடிகளை எடுத்துத் தடம் போட்டன. விடிந்தால் ட்ரோன் பார்த்துவிடும். பார்த்த சில நிமிடத்தில் குண்டு விழும். அல்லது இரவில் எடுத்த இடத்தில் பகலில் ரஷ்யர்கள் ராக்கெட் மூலம் புதிய வெடிகளைத் தூவிவிடுவார்கள்.

அந்தச் சமவெளியில் மறைந்துகொள்ள ஒரே இடம், வயல்களுக்கு நடுவே காற்றைத் தடுக்க சோவியத் காலத்தில் வரிசையாக நட்ட மரங்கள். அகலம் சில மீட்டர்தான். அந்த மரவரிசைகள் ஒவ்வொன்றும் ஒரு கோட்டை ஆகிவிட்டது. ஒரு மரவரிசையைப் பிடிக்க ஒரு வாரம். பிடித்த பதுங்குகுழிக்குள்ளேயே ரஷ்யர்கள் முன்கூட்டி வெடிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வரைபடத்தில் இதெல்லாம் கோடுகூட ஆகாது.

கடிகாரம் யார் கையில்?

ஜூன் மூன்றாம் வாரத்திலேயே கேள்விகள் எழுந்துவிட்டன. முன்னேற்றம் விரும்பியதைவிட மெதுவாகத்தான் இருக்கிறது என்று ஜெலன்ஸ்கி பிபிசியிடம் ஒப்புக்கொண்டார். சிலர் இதை ஹாலிவுட் படம் என்று நினைத்து உடனே முடிவை எதிர்பார்க்கிறார்கள், இங்கே பணயமாக இருப்பது மனித உயிர் என்றார். தலைமைத் தளபதி வலேரி ஜலூஷ்னி இன்னும் கோபமாகப் பேசினார்: இது உலகம் வேடிக்கை பார்த்துப் பந்தயம் கட்டுகிற காட்சி இல்லை, ஒவ்வொரு மீட்டரும் ரத்தத்தால் வாங்கியது. ஆகஸ்ட் கடைசியில் வெளியுறவு அமைச்சர் திமித்ரோ குலேபா ஒரே போடாகப் போட்டார். குறை சொல்பவர்கள் வாயை மூடிக்கொண்டு உக்ரைனுக்கு வந்து ஒரு சதுர சென்டிமீட்டரையாவது தாங்களே மீட்டுப் பார்க்கட்டும் என்றார்.

அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எதிர்பார்ப்பை ஊட்டியது யார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வசந்தகாலத் தாக்குதல் வரப்போகிறது என்று அரை வருடமாக கீவும் மேற்குத் தலைநகரங்களும் மாறிமாறிப் பேசின. தாக்குதலுக்கு முன் உக்ரைன் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட காணொளியில் வீரர்கள் உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்றார்கள். திட்டங்களுக்கு மௌனம் பிடிக்கும் என்பது வாசகம். மௌனத்தைக்கூட ஊரைக் கூட்டித்தான் அறிவித்தார்கள். அப்படி அறிவிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. பிறர் தரும் ஆயுதத்தை வைத்துப் போரிடும் நாடு, அடுத்த தவணை வாங்குவதற்கு இந்தத் தவணையின் பலனைக் காட்டியாக வேண்டும். வெற்றி வரும் என்று சொன்னால்தான் ஆயுதம் வரும். சொல்லிவிட்டால் அந்தத் தேதிக்குள் வெற்றி வந்தாக வேண்டும்.

குண்டுக் கணக்கையும் பாருங்கள். உக்ரைனின் பீரங்கிகள் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் சுட்டன. போருக்கு முன் அமெரிக்கா தயாரித்த 155 மில்லிமீட்டர் குண்டுகள் மாதத்துக்கே 14,000 அளவுதான். அதாவது ஒரு மாத உற்பத்தி இங்கே சில நாளில் காலி. ஒரு வருடத்தில் பத்து லட்சம் குண்டு தருகிறோம் என்று 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. ஜூலையில் பைடன் கொத்துக்குண்டுகள் தர முடிவெடுத்ததற்குச் சொன்ன காரணமும் இதுதான்: சாதாரணக் குண்டு கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் தடைசெய்த ஆயுதம் அது. தொழிற்சாலையின் வேகத்தைப் போரின் வேகம் மிஞ்சியபோது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் மார்க் மில்லி, போரிடத் தகுந்த வானிலை இன்னும் 30 முதல் 45 நாள்தான் என்றார். அதற்குப் பிறகு மழை, சேறு. அரசியல் வானிலையும் அதே நேரத்தில் மாறியது. தானிய இறக்குமதிச் சண்டையில் இருந்த போலந்து, இனி உக்ரைனுக்கு ஆயுதம் தருவதில்லை என்று தேர்தல் சூட்டில் சொன்னது. ஸ்லோவாக்கியாவில் உதவியை எதிர்த்த ராபர்ட் ஃபீட்சோ தேர்தலில் முதலிடம் பிடித்தார். அமெரிக்காவில் அக்டோபர் 3-ல் மக்களவைத் தலைவர் மெக்கார்த்தியை அவருடைய கட்சிக்காரர்கள் சிலரே முன்னின்று கவிழ்த்தார்கள். பைடன் கேட்ட பெரிய உதவித்தொகை மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. மக்களவை அதை நிறைவேற்றியது 2024 ஏப்ரல் 20-ல். அதற்குள் குண்டுப் பஞ்சத்தில் அவ்திவ்கா நகரம் பிப்ரவரி 17-ல் விழுந்துவிட்டது.

தாக்குதல் நின்றுபோனதை வாய்விட்டுச் சொன்ன முதல் பெரிய மனிதர் ஜலூஷ்னிதான். 2023 நவம்பர் 1-ஆம் தேதி ஒரு பிரிட்டிஷ் வார இதழில் பேட்டியும் நீண்ட கட்டுரையும் வந்தன. முதல் உலகப்போரில் நடந்ததுபோல, இரு தரப்பும் நகர முடியாத ஒரு தொழில்நுட்ப நிலைக்கு வந்துவிட்டோம் என்றார். ஆழமான, அழகான ஊடுருவல் எதுவும் நடக்கப்போவதில்லை. நேட்டோ பாடப்புத்தகக் கணக்குப்படி நான்கு மாதத்தில் கிரிமியாவை எட்டியிருக்க வேண்டும். ஐந்து மாதத்தில் 17 கிலோமீட்டர்தான் வந்திருக்கிறோம்.

அந்தப் பேட்டியில் என் மனத்தில் தங்கிவிட்ட பகுதி வேறு. முன்னேற்றம் இல்லாதபோது தளபதிகள்மேல் குறையோ என்று நினைத்துச் சிலரை மாற்றினேன் என்கிறார். பிறகு வீரர்களிடம் குறையோ என்று சில படைகளை மாற்றினேன். அப்போதும் நகரவில்லை. கடைசியில் 1941-ல் ஒரு சோவியத் தளபதி எழுதிய பழைய நூலைத் தேடி எடுக்கச் சொன்னாராம். அரண் வரிசைகளை உடைப்பது பற்றிய நூல். பாதிகூடப் படிக்கவில்லை, நாம் எங்கே நிற்கிறோம் என்று விளங்கிவிட்டது என்கிறார். யார் எதைச் செய்கிறார்கள் என்பது எதிரிக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது, மறைத்துப் படை குவிக்கவே வழியில்லை. ஒரு படைத் தலைவர் தன் தவறான ஊகங்களை வரிசையாக இப்படிப் பொதுவில் ஒப்புக்கொண்டதை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

மூன்றே நாளில் ஜெலன்ஸ்கி மறுத்தார். இது முட்டுக்கட்டை நிலை இல்லை என்றார். அவர் சொன்னதற்கும் காரணம் உண்டு. 'முட்டுக்கட்டை' என்ற ஒரு சொல் வாஷிங்டனில் விழுந்தால், அங்கே அடுத்த சொல் 'பேச்சுவார்த்தை', அதற்கடுத்த சொல் 'எதற்குப் பணம்?' தளபதி படைக்கு உண்மை சொல்லியாக வேண்டும். ஜனாதிபதி கூட்டணியைக் கட்டிக்காக்க வேண்டும். இருவரும் பேசியது ஒரே சமவெளியைப் பற்றி. 2024 பிப்ரவரி 8-ல் ஜலூஷ்னி பதவியிழந்தார். அவருடைய இடத்துக்கு ஒலெக்சாண்டர் சிர்ஸ்கி வந்தார். ஜலூஷ்னியை லண்டனுக்குத் தூதராக அனுப்பினார்கள்.

அவர்களுக்கு இடையே இருந்த இன்னொரு பிரச்சினை ஆள் பலம். படைக்கு இன்னும் நான்கரை முதல் ஐந்து லட்சம் பேர் கேட்கிறார்கள் என்று 2023 டிசம்பரில் ஜெலன்ஸ்கியே சொன்னார். கட்டாய அழைப்புக்கான குறைந்தபட்ச வயது அப்போது 27. அதை 25 ஆகக் குறைக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி அவர் மேசையில் மாதக்கணக்கில் கிடந்தது. கையெழுத்துப் போட்டது 2024 ஏப்ரலில். எந்தத் தலைவரும் தள்ளிப்போடவே பார்க்கும் கையெழுத்து அது. அந்த இடைவெளியில் அகழியில் இருந்தவனுக்கு மாற்றாள் வரவில்லை. இரண்டு வருடமாக வீடு திரும்பாத கணவர்களுக்காகப் பெண்கள் கீவ் தெருக்களில் பதாகை பிடித்து நின்றார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? ஒரிகிவ் முனையில் ரஷ்யாவின் 58-ஆம் படையை நடத்திய ஜெனரல் இவான் பொபோவ், எதிரியின் பீரங்கியை அடக்கப் போதிய வசதி இல்லை, ஆட்கள் சாகிறார்கள் என்று மேலிடத்தில் சொன்னார். ஜூலையில் அவரை நீக்கினார்கள். அடுத்த வருடம் கைதும் செய்தார்கள். குண்டு தரவில்லை என்று கத்திய பிரிகோஷின் ஜூன் 23-ல் கலகம் செய்து, ஆகஸ்ட் 23-ல் விமானம் விழுந்து செத்தார். போர் நடத்தப்படும் விதத்தை வலதுசாரிப் பக்கத்திலிருந்து திட்டிக்கொண்டிருந்த இகோர் கிர்கினுக்கு நான்கு வருடச் சிறை. அங்கேயும் விவாதம் இருந்தது. சிறையிலும் கல்லறையிலும் முடிந்தது.

அதனால்தான் அடுத்து வந்த இரண்டு வருடத்தை யோசிக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. 2024-ல் ரஷ்யா தாக்கும் தரப்பு ஆனது. வருடம் முழுக்கப் போரிட்டுப் பிடித்தது சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். உக்ரைனின் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. அவ்திவ்காவிலிருந்து போக்ரோவ்ஸ்க் நகரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த நகருக்கான சண்டை 2025 இறுதி வரை இழுத்தது. வேகம் என்று பார்த்தால் இதுவும் ரோபோட்டினே வேகம்தான். இழந்த உயிர்களோ மிக அதிகம். ஆனால் உக்ரைன் மெதுவாக நகர்ந்தபோது 'தோல்வி' என்று தலைப்பிட்டவர்கள், ரஷ்யா மெதுவாக நகர்ந்தபோது 'தடுக்க முடியாத முன்னேற்றம்' என்று எழுதினார்கள். ரஷ்யாவுக்கு யாரிடமும் தவணைப் பலன் காட்டத் தேவையில்லை, கெடு வைக்கும் துணிச்சலுள்ள நாடாளுமன்றமும் அங்கே இல்லை. இந்த ஒரே காரணத்தால் ஒரே வேகத்துக்கு இரண்டு பெயர்கள் கிடைத்தன.

இதற்குள் களமும் மாறிவிட்டது. கண்ணிவெடிக்கும் பீரங்கிக்கும் மேலாக, சில நூறு டாலர் விலையில், கண்ணாடி அணிந்த ஒருவர் தொலைவிலிருந்து ஓட்டிவந்து மோதும் சிறு ட்ரோன்கள் வந்துவிட்டன. அலைவரிசையை முடக்கினால், முடி போன்ற ஒளியிழைக் கம்பியைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. முன்னரங்கிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வண்டி ஓட்டுவதே அபாயம். ரஷ்யர்கள் மோட்டார் சைக்கிளில் இரண்டு இரண்டு பேராகத் தாக்கப் போனார்கள். காயம்பட்டவரை அகழியிலிருந்து வெளியே கொண்டுவர நாள்கணக்கில் ஆனது. 2023-ல் லெப்பர்ட் டாங்கிக்காக நடந்த அந்தப் பெரும் பேரத்தை இப்போது நினைத்தால் வேறொரு போரின் கதைபோல இருக்கிறது.

ரோபோட்டினேவை 2024 மே மாதம் மீண்டும் பிடித்துவிட்டதாக ரஷ்யா அறிவித்தது. அதற்கு முன்பே அங்கே நின்ற சுவர் எதுவும் மிச்சமில்லை. வான்படங்களில் பள்ளிக்கூடம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே சிரமம்.

அடுத்த மாதம், ஜூன் 14-ல், புதின் போர்நிறுத்தத்துக்கு நிபந்தனை சொன்னார். தோனெட்ஸ்க், லுகான்ஸ்க், கெர்சன், சபோரிஷியா ஆகிய நான்கு மாகாணங்களையும் விட்டு உக்ரைன் படை முழுமையாக வெளியேற வேண்டும். அவருடைய படைகள் எட்டியே பார்க்காத சபோரிஷியா நகரமும், மக்கள் கட்டிப்பிடித்து அழுது மீட்ட கெர்சன் நகரமும் அதில் அடக்கம். 2025-ல் வந்த பேச்சுவார்த்தைகளிலும் தோனெட்ஸ்கின் மிச்சப் பகுதியைக் கேட்டார்கள். அங்கே ஸ்லோவியான்ஸ்க், க்ரமதோர்ஸ்க், த்ருஷ்கிவ்கா, கொஸ்தியான்தினிவ்கா என்று ஒன்றை ஒட்டி ஒன்றாக நான்கு நகரங்கள். 2014 முதல் உக்ரைன் பலப்படுத்தி வந்த அரண் அது. அப்போதைய வேகத்தில் போரிட்டுப் பிடிக்க ரஷ்யாவுக்குப் பல வருடம் ஆகும். அதைத்தான் மேசையில் உட்கார்ந்து ஒரே கையெழுத்தில் கேட்டார்கள்.